செத்தப்புறம் உடம்பு கரைய எவ்ளோ நாளாகும்? புதைக்கறதா, எரிக்கறதா, உரமாக்கறதான்னு முடிவெடுக்கறதுக்கு முன்னாடி

செத்துப்போன உடம்பு முழுசா மக்கிப்போக எவ்ளோ நாளாகும்னு கேக்கறவங்க எல்லாரும் ஒரு நம்பரைத்தான் எதிர்பார்க்கறாங்க, ஆனா அப்படி ஒத்தை நம்பர் கிடையாது. ரெண்டு மணி நேரத்துலயும் முடியும், மூணு மாசத்துலயும் முடியும், பத்து வருஷமும் இழுக்கும். டென்மார்க்ல ஒரு சதுப்பு நிலத்துல 1950ல கிடைச்ச டோலண்ட் மனிதன் மாதிரி 2,400 வருஷம் ஆகியும் கண்ணை மூடி தூங்கற முகத்தோட, தாடையில குத்து முடியோட அப்படியே கிடக்கவும் செய்யும். உடம்பு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதை எங்க வெக்கறோம், எதுக்குள்ள வெக்கறோம், வெக்கறதுக்கு முன்னாடி அதுக்குள்ள என்ன ஏத்தறோம்ங்கறதுதான் நாளைத் தீர்மானிக்குது.

இதை ஏன் இவ்ளோ விலாவாரியா எழுதறேன்னா, வீட்ல ஒருத்தர் போயிட்டா யோசிக்க நேரமே கிடையாது. அழுதுட்டு இருக்கும்போதே ஒருத்தர் வந்து உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்தி எம்பாம் பண்ணணுமான்னு கேப்பாரு, இன்னொருத்தர் பெட்டி எதுன்னு கேப்பாரு, எத்தனை மணிக்கு எடுக்கறீங்கன்னு கேப்பாங்க. நான் ஒரு தடவை அந்த இடத்துல நின்னுருக்கேன், எதுக்கு என்ன அர்த்தம்னே தெரியாம எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன், அது இன்னைக்கு வரைக்கும் மனசுல உறுத்துது. அதுக்கப்புறம் தேடித்தேடி படிச்சதுல தெரிஞ்சுக்கிட்டதை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு இங்க வெக்கறேன். கொஞ்சம் பச்சையா இருக்கும், சமீபத்துல யாரையாவது இழந்தவங்க இப்ப படிக்க வேணாம், தெம்பு வந்ததும் படிங்க.

முதல்ல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். உயிர் போன சில நிமிஷத்துலயே வேலை ஆரம்பிச்சுடுது, ஆக்சிஜன் வரலைன்னதும் செல்லுக்குள்ள இருக்கற என்சைம்களே அந்த செல்லைக் கரைக்க ஆரம்பிக்குது. ரெண்டுல இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள தாடை, கழுத்துன்னு விறைக்க ஆரம்பிச்சு சுமார் 12 மணி நேரத்துல உடம்பு முழுக்க கட்டை மாதிரி ஆகிடும், அப்புறம் ஒன்றரை நாள் ரெண்டு நாள்ல தானாவே தளர்ந்துடும். ரத்தம் ஓட்டம் நின்னு கீழ்ப்பக்கமா இறங்கறதால முதுகுல ஊதா கலர்ல திட்டுத்திட்டா தெரியும், அதைப் பார்த்து யாரோ அடிச்சிருக்காங்கன்னு பதறிடாதீங்க. ஒரு நாள் ஒன்றரை நாள் கழிச்சு அடிவயித்துல வலது பக்கம் பச்சையா நிறம் மாறும், பெருங்குடல் ஆரம்பிக்கற இடம் அங்கதான் தோலுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு, பாக்டீரியாவும் அங்கதான் குமிஞ்சு கிடக்கு.

அந்த குடல் பாக்டீரியாதான் இந்தக் கதையில முக்கியமான ஆளு. உயிரோட இருக்கும்போது நமக்கு சாப்பாட்டை செரிச்சுக் கொடுத்ததுங்க, எதிர்ப்பு சக்தி நின்னதும் குடல் சுவரைத் தாண்டி ரத்தக்குழாய் வழியா உடம்பு முழுக்க பரவுதுங்க, அதுங்க விடற வாயுவாலதான் மூணு நாள் அஞ்சு நாள்ல உடம்பு உப்புது, தோல் உரியுது, அந்த நாத்தமும் அதனாலதான் வருது. வெளியில திறந்து கிடந்தா ஈ சில நிமிஷத்துலயே மோப்பம் பிடிச்சு வந்து கண்ணு, மூக்கு, வாய் ஓரமா முட்டை போடும், ஒரு நாளுக்குள்ள புழு வெளிய வரும், வெயில் காலத்துல சதையை முடிக்கறதுல பெரும்பங்கு அந்தப் புழுக்கதான். மூளை, கணையம், வயிறு, குடல் எல்லாம் சீக்கிரம் கரையும், கர்ப்பப்பையும் ப்ராஸ்டேட்டும் ரொம்ப நாள் தாங்கும், முடி, நகம், எலும்பு, பல்லு இன்னும் அதிக நாள் நிக்கும். செத்தப்புறம் முடியும் நகமும் வளரும்னு சொல்றது உண்மை இல்ல, தோல் காய்ஞ்சு உள்வாங்கறதால வளர்ந்த மாதிரி தெரியுது, அவ்ளோதான்.

சரி, இது எவ்ளோ வேகமா நடக்கும்? வெப்பம், காத்து, ஈரம், பூச்சி, இந்த நாலும்தான். இதுல வெப்பம்தான் ராஜா. அமெரிக்காவுல டென்னஸி பல்கலைக்கழகத்துல தானம் பண்ண உடம்புகளை வெளியில போட்டு எப்படி மக்குதுன்னு பார்க்கற ஆராய்ச்சி நிலம் ஒண்ணு இருக்கு, வில்லியம் பாஸ்ங்கற மானுடவியல் பேராசிரியர் ஆரம்பிச்சது, 1981ல இருந்து நடக்குது, பாடி ஃபார்ம்னே பேரு. அங்க வேலை பார்த்த ஆர்ப்பாட் வாஸ் ஒரு தோராயக் கணக்கு கொடுத்தாரு: 1,285ஐ சராசரி வெப்பநிலையால வகுத்தா, தரையில கிடக்கற உடம்பு எலும்பாகவோ காய்ஞ்ச கருவாடா சுருங்கியோ போக எத்தனை நாளாகும்னு வரும். 10 டிகிரி செல்சியஸ்னா 128 நாள், 25 டிகிரின்னா 51 நாள், 30 டிகிரின்னா 43 நாள். இதுக்கு ரொம்ப முன்னாடியே 19ம் நூற்றாண்டுல யோஹான் லுட்விக் காஸ்பர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இன்னொரு கணக்கு சொல்லிருக்காரு, வெளிக்காத்துல ஒரு வாரத்துல நடக்கறது தண்ணிக்குள்ள ரெண்டு வாரம் எடுக்கும், மண்ணுக்குள்ள எட்டு வாரம் எடுக்கும்னு. ரெண்டுமே தோராயம்தான், ஆனா முடிவெடுக்க இந்த 1, 2, 8 மனசுல இருந்தா போதும், ஏன்னா மண்ணுக்குள்ள போட்டா சீக்கிரம் மக்கிடும்னு நாம நெனைக்கறது தப்புன்னு இதுலயே தெரிஞ்சுடுது.

இப்ப வழக்கமான புதைப்புக்கு வருவோம். ஆறடி ஆழத்துல, பெட்டி இல்லாம, மருந்து ஏத்தாம, சாதாரண மண்ணுல புதைச்ச பெரியவங்க உடம்பு எலும்பு மட்டும் மிஞ்சற நிலைக்கு வர சுமார் 8ல இருந்து 12 வருஷம் ஆகும்னு பொதுவா சொல்வாங்க. பெட்டி இருந்தா இன்னும் கூடும், பெட்டி எவ்ளோ கெட்டியோ அவ்ளோ கூடும், லேசான மரம்னா மண்ணு பாரத்துல மூடி சீக்கிரமே உடைஞ்சு மண்ணு உள்ள வந்துடும், அதுவும் ஒரு வகையில நல்லதுதான். எலும்பு எவ்ளோ நாள் நிக்கும்ங்கறது மண்ணோட குணம், புளிப்பு மண்ணுல சில பத்து வருஷத்துலயே கரைஞ்சு போயிடும், சுண்ணாம்புச் சத்து இருக்கற மண்ணுன்னா நூத்துக்கணக்கான வருஷம் கூட நிக்கும். ஆழத்துல குளிர்ச்சி, ஈ போக முடியாது, காத்து கிடையாது, அப்ப மெதுவாத்தானே நடக்கும்.

ஆனா ஆழமான புதைப்புல உண்மையான பிரச்சனை மெதுவா நடக்கறது இல்ல, சில சமயம் நடக்காமலே நின்னு போறது. ஈரமான களிமண்ணுல காத்தே போகலைன்னா உடம்போட கொழுப்பு சோப்பு மாதிரி, மெழுகு மாதிரி ஒரு கெட்டியான பொருளா மாறிடும், ஆங்கிலத்துல அடிப்போசியர்னு சொல்றாங்க. இது ஒரு தடவை உருவாயிட்டா உள்ள இருக்கறதை அப்படியே பூசி வெச்ச மாதிரி காப்பாத்திடும், நிறைய வருஷம் ஆனாலும் ஆளு உருவம் மாறாது. ஜெர்மனியில ஒரு கல்லறை இடத்தை சுமார் 15ல இருந்து 25 வருஷத்துக்கு அப்புறம் அடுத்தவருக்குக் கொடுக்கற வழக்கம் இருக்கு, அங்க பல இடத்துல தோண்டிப் பார்த்தா பழைய உடம்பு மெழுகா கிடக்குது, அந்த இடத்தைத் திரும்ப உபயோகிக்க முடியல. நார்வேயில இன்னும் மோசம், ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் சுத்தம்னு நெனைச்சு பல வருஷம் உடம்பை பிளாஸ்டிக்ல சுத்தி புதைச்சாங்க, பல வருஷம் கழிச்சு பார்த்தா உள்ள மக்கவே இல்ல, அப்புறம் கல்லறைக்குள்ள சுண்ணாம்புக் கரைசலை ஏத்தி மக்க வெக்கற வேலை தனியா நடந்துச்சு. நல்லது பண்றதா நெனைச்சு அந்தக் குடும்பங்க பண்ணது எப்படி முடிஞ்சிருக்கு பாருங்க. அதனால புதைக்கறதுன்னு முடிவு பண்ணா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி பெட்டி எதுங்கறது இல்ல, மண்ணு எது, மழைக்காலத்துல அங்க தண்ணி நிக்குமாங்கறதுதான்.

அடுத்தது எம்பாமிங், இதுல ஏமாறறவங்க ரொம்ப. ரத்தத்தை வெளிய எடுத்துட்டு ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்தை ரத்தக்குழாய் வழியா ஏத்துவாங்க, அது புரதங்களை ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்டு கெட்டியாக்கும், பாக்டீரியாவையும் அடக்கும். தூர தேசத்துல இருந்து விமானத்துல கொண்டு வரணும், ஒரு வாரம் பத்து நாள் வெச்சிருக்கணும்னா இது தேவைதான், அதை நான் மறுக்கல. ஆனா "இதைப் பண்ணா உடம்பு கெடவே கெடாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அமெரிக்காவுல 1984ல வந்த இறுதிச்சடங்கு விதியிலேயே, எம்பாமிங்கோ பெட்டியோ உடம்பை ரொம்ப காலத்துக்கு காப்பாத்தும்னு வியாபாரிங்க சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு. சாதாரணமா பண்ற எம்பாமிங் தள்ளிப்போடும், நிறுத்தாது, எவ்ளோ தள்ளிப்போகும்ங்கறது மருந்தோட அளவு, பண்றவங்க கைத்திறமை, புதைக்கற இடம் எல்லாத்தையும் பொறுத்தது. எம்பாம் பண்ணிட்டு காத்துப் புகாத பெட்டியில மூடினா சமயத்துல என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு சம்பவம் சொல்றேன்.

1977ல டென்னஸியில ஒரு பழைய கல்லறையை யாரோ உடைச்சிருந்தாங்க, உள்ள தலையில்லாம ஒரு உடம்பு, சதை இன்னும் ரோஸ் கலர்ல இருந்துச்சு. மேல சொன்ன வில்லியம் பாஸ் பார்த்துட்டு செத்து ஒரு வருஷம் கூட ஆகியிருக்காதுன்னு கணிச்சாரு, அப்ப யாரோ புதுசா கொன்னு பழைய குழிக்குள்ள ஒளிச்சிருக்காங்கன்னு போலீஸ் நெனைச்சாங்க. கடைசியில பார்த்தா அது அந்த கல்லறைக்கு சொந்தக்காரரேதான், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல 1864ல செத்த வில்லியம் ஷைங்கற ராணுவ அதிகாரி, எம்பாம் பண்ணி இரும்புப் பெட்டியில மூடிருந்தாங்க. கணிப்புல 113 வருஷம் தப்பு. உடம்பு மக்கறதைப் பத்தி நமக்கு இவ்ளோதான் தெரியுமான்னு அவரே அதிர்ந்து போய்தான் அந்த பாடி ஃபார்ம் யோசனைக்கே வந்தாரு. இதைப் படிச்சப்ப எனக்கு வந்த சந்தேகம் வேற, நம்ம ஆளு இருட்டுல பூட்டின பெட்டிக்குள்ள நூறு வருஷம் அப்படியே கிடக்கணும்னு நாம உண்மையிலேயே ஆசைப்படறோமா? ஆசைப்படறவங்க இருக்கலாம், அது அவங்க உரிமை, ஆனா தெரிஞ்சு ஆசைப்படணும்.

உறவுக்காரங்க வர்ற வரைக்கும் ரெண்டு மூணு நாள் வெச்சிருக்கறதுதான் தேவைன்னா எம்பாமிங்கை விட குளிர்தான் நல்லது. 4 டிகிரியில பாக்டீரியா வேலை நல்லாவே மந்தமாகும், நிக்காது, மார்ச்சுவரியில மைனஸ் 15, மைனஸ் 20ல வெச்சா கிட்டத்தட்ட நின்னே போயிடும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கற பொருள், அதை தினமும் மூச்சுல இழுக்கற எம்பாமிங் தொழிலாளிகளையும் நெனைச்சுப் பார்க்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, செப்சிஸ் மாதிரி ரத்தத்துலயே கிருமி பரவி செத்தவங்க, நல்ல காய்ச்சலோட செத்தவங்க, உடம்பு பருமனா இருந்தவங்க, இவங்களுக்கெல்லாம் கெடறது வேகமா ஆரம்பிக்கும், "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போடாம உடனே குளிர்ல வெச்சுடணும்.

இயற்கைப் புதைப்புன்னு ஒண்ணு இப்ப பேசப்படுது, சொல்லப்போனா அது புதுசே இல்ல, பழசுக்குத் திரும்பறதுதான். மருந்து ஏத்தறது இல்ல, கான்கிரீட் தொட்டி இல்ல, பருத்தித் துணியிலயோ லேசான பெட்டியிலயோ வெச்சு சுமார் மூணு மூணரை அடி ஆழத்துலயே புதைக்கறது. இதுல அந்த ஆழம்தான் விஷயம். மண்ணுல உயிரு இருக்கறது மேல் பகுதியிலதான், வேரு, பூஞ்சை, மண்புழு, காத்து வேணும்கற பாக்டீரியா எல்லாம் அங்கதான் இருக்கு, ஆறடிக்குக் கீழ போக போக மண்ணு செத்த மண்ணு மாதிரிதான். மேல ரெண்டடிக்கு மேல மண்ணு இருந்தா மிருகம் மோப்பம் பிடிச்சு தோண்டறதும் அநேகமா நடக்காது, அந்த பயத்துக்காக ஆழமா போகத் தேவையில்ல. காத்தோட்டம் உள்ள, தண்ணி வடியற மண்ணுன்னா சதைப் பாகமெல்லாம் ஆழமான குழியை விட ரொம்ப சீக்கிரம் போயிடும். இங்கிலாந்துல கார்லைல்ல 1993லயும் அமெரிக்காவுல ராம்சே க்ரீக்ல 1998லயும் இதுக்குன்னே இடம் ஒதுக்கி ஆரம்பிச்சாங்க, ராம்சே க்ரீக்ல கல்லறைத் தோட்டமே காடாத்தான் இருக்கு.

இதோட சேர்த்து விக்கற சில பொருள்களைப் பத்தியும் சொல்லிடறேன். காளான் விதை தைச்ச உடை ஒண்ணு வந்துச்சு, நடிகர் லூக் பெரி 2019ல அதுலதான் அடக்கமானாரு, ஆனா மக்க வெக்கற உயிரெல்லாம் நம்ம உடம்புக்குள்ளயும் மண்ணுலயும் ஏற்கனவே கோடிக்கணக்குல இருக்கு, உடை அதை வேகப்படுத்தும்னு நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியல. சுட்ட சுண்ணாம்பு கொட்டினா சீக்கிரம் கரையும்னு ஒரு நம்பிக்கை ரொம்ப காலமா இருக்கு, பன்னி உடம்புகளை வெச்சு பண்ண சோதனையில நேர் எதிரா வந்துச்சு, சுண்ணாம்பு ஈரத்தை இழுத்து, சுத்தி கெட்டியாகி, மக்கறதை மெதுவாக்கத்தான் செஞ்சுது. அதனால சீக்கிரம் மக்கணும்னு நெனைக்கறவங்க எதையும் சேர்க்க வேணாம், குறுக்க எதையும் வெக்காம இருந்தாலே போதும்.

எரிக்கறதைப் பத்தி நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல, வேகம்னா இதுதான். மின்சாரத்துலயோ கேஸ்லயோ 760ல இருந்து 1,000 டிகிரி வரைக்கும் போற அறையில ஒன்றரை மணியில இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள சதையெல்லாம் ஆவியா, புகையா போயிடும், மிஞ்சறது கால்சியம் பாஸ்பேட்டா மாறின எலும்பு, அதை மெஷின்ல பொடி பண்ணித்தான் ரெண்டு மூணு கிலோ சாம்பலா கையில கொடுக்கறாங்க. பேஸ்மேக்கர் வெச்சிருந்தா கட்டாயம் முன்னாடியே சொல்லணும், அதுல இருக்கற பேட்டரி சூட்டுல வெடிக்கும், அறையும் சேதமாகும், பக்கத்துல நிக்கறவருக்கும் ஆபத்து. கேஸும் புகையும், பல்லுல அடைச்ச அமால்கம்ல இருந்து பாதரச ஆவியும் இதோட குறை. சாம்பலை மரக்கன்னு குழியில போட்டு "இவரு மரமா நிக்கறாரு"ன்னு பார்க்கணும்னு ஆசைப்படறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், சாம்பல்ல உப்பு ஜாஸ்தி, காரத்தன்மையும் ரொம்ப ஜாஸ்தி, அப்படியே கொட்டினா கன்னு வாடும், நிறைய மண்ணோடயும் எருவோடயும் கலந்து கொஞ்சமாத்தான் போடணும்.

எரிக்கறதுல இன்னொரு விஷயம் யாரும் யோசிக்கறதில்ல, இது திரும்பப் பெற முடியாத முடிவு. சாவுல சந்தேகம் இருந்தா, பின்னாடி டிஎன்ஏ தேவைப்படலாம்னா, இன்சூரன்ஸோ வாரிசு கேஸோ வரலாம்னா எரிச்ச உடம்புல இருந்து அநேகமா ஒண்ணும் கிடைக்காது. புதைச்ச உடம்புல பல வருஷம் கழிச்சும் பல்லுல இருந்து, தொடை எலும்புல இருந்து டிஎன்ஏ எடுக்கலாம், சில விஷங்களையும் கண்டுபிடிக்கலாம். கொஞ்சமாவது சந்தேகம் இருக்கற குடும்பம் அவசரப்பட்டு எரிக்க வேணாம், இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன், போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு எல்லாம் தெளிவாகட்டும்.

தண்ணியில கரைக்கறதுன்னு ஒரு முறை இருக்கு, அக்வாமேஷன்னு சொல்றாங்க. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணியில உடம்பை வெச்சு சூடாக்கறது, அழுத்தத்தோட 150 டிகிரின்னா நாலுல இருந்து ஆறு மணி நேரம், அழுத்தம் இல்லாம 95 டிகிரின்னா 14ல இருந்து 18 மணி நேரம். மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா நடக்கற அதே கரைதலை சில மணி நேரத்துல முடிக்கறதுன்னு சொல்லலாம். மிஞ்சறது வெள்ளையா மெத்துனு எலும்பு, காய வெச்சு பொடி பண்ணி கொடுப்பாங்க, எரிச்ச சாம்பலை விட கொஞ்சம் கூடவே வரும். தென்னாப்பிரிக்காவோட ஆர்ச் பிஷப் டெஸ்மண்ட் டுட்டு 2021 டிசம்பர்ல இறந்தப்ப இந்த முறையைத்தான் கேட்டிருந்தாரு, அதுக்கப்புறம்தான் உலகத்துல பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது. புகை இல்ல, எரிக்கறதை விட ரொம்ப குறைவான சக்தி போதும், பேஸ்மேக்கரை எடுக்க வேண்டிய அவசியமும் இல்ல. கரைஞ்ச திரவம் கழிவுநீர்ல போறதுதான் பல பேருக்கு மனசு ஒப்பாத இடம். அது அமினோ அமிலம், சர்க்கரை, சோப்பு மாதிரி உப்பு கலந்த கிருமியில்லாத தண்ணிதான், ஆனாலும் ஒப்பலைன்னா ஒப்பலைதான், அதை யாரும் வாதாடி மாத்த முடியாது, வாதாடவும் கூடாது.

உரமாக்கறது, என் மனசுக்கு ரொம்ப பிடிச்ச முறை இது. வாஷிங்டன் மாநிலம் 2019ல சட்டம் போட்டு 2020 மே மாசத்துல இருந்து அனுமதிச்சுது, அமெரிக்காவுல இப்படி ஒரு சட்டம் முதல்ல அங்கதான் வந்துச்சு, காட்ரினா ஸ்பேட்ங்கற பெண் பல வருஷம் இதுக்காகவே உழைச்சு ரீகம்போஸ்ங்கற நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க. மூடின தொட்டிக்குள்ள மரச்சில்லு, வைக்கோல், குதிரை மசால் தழை எல்லாம் பரப்பி நடுவுல உடம்பை வெச்சு, காத்து ஓட விட்டு, அப்பப்ப புரட்டி விடுவாங்க. வெளியில இருந்து சூடு காட்டத் தேவையில்ல, நுண்ணுயிர் வேலை செய்யற சூட்டுலயே 55 டிகிரிக்கு மேல போயிடும், அந்த சூடு தொடர்ந்து மூணு நாள் நின்னாதான் நோய்க்கிருமி அழிஞ்சதா கணக்கு. அஞ்சாறு வாரத்துல சதை இருந்த அடையாளமே இருக்காது, எலும்பை வெளிய எடுத்து பொடியாக்கி திரும்ப கலந்துடுவாங்க, மொத்தம் 8ல இருந்து 12 வாரத்துல முக்கால் கன மீட்டர் அளவுக்கு நல்ல மண்ணு கிடைக்கும். ஆறடிக்குக் கீழ பத்து வருஷம் ஆகற வேலை மூணு மாசத்துல முடியுது, ஏன்னா அங்க இல்லாத காத்தும், மரச்சில்லு வைக்கோல்ல இருந்து வர்ற கார்பனும், சூடும் இங்க இருக்கு. எபோலா, காசநோய், மூளையை அரிக்கற ப்ரியான் நோய் இருந்தவங்களை இதுல எடுக்க மாட்டாங்க, ப்ரியான்ங்கறது உருமாறிப்போன ஒரு புரதம், உரச்சூட்டுக்கெல்லாம் அழியாது. எல்லா நாட்டுலயும் இது சட்டப்படி கிடையாதுங்கறதுதான் பெரிய தடை. உடம்பை திரவ நைட்ரஜன்ல உறைய வெச்சு அதிர வெச்சு தூளாக்கறதுன்னு ஸ்வீடன்ல ஒரு யோசனை வந்துச்சு, அது பேச்சாவே நின்னு போச்சு, அதை நம்பி யாரும் காத்திருக்க வேணாம்.

கடல்ல விடறது. டைட்டானிக் 3,800 மீட்டர் ஆழத்துல கிடக்கு, 1985ல கண்டுபிடிச்சாங்க, அங்க ஜோடி ஜோடியா ஷூ கிடக்கு, போட்டிருந்தவங்க இல்ல. சதையை கடல் உயிர்கள் சாப்பிட்டுடும், அந்த ஆழத்துல எலும்பும் தண்ணியில மெதுவா கரைஞ்சுடும், ஷூவோட பதப்படுத்தின தோலை மட்டும் எதுவும் தொடல. கனடா பக்கம் பன்னி உடம்பை 300 மீட்டர் ஆழத்துல இறக்கி கேமரா வெச்சு பார்த்தப்ப, பொடிப்பொடியா இறால் மாதிரி இருக்கற உயிர்க கூட்டமா வந்து சில நாள்லயே எலும்பாக்கிடுச்சு. ஆனா அதே கடல்ல ஆக்சிஜன் கம்மியா இருக்கற பகுதின்னா மாசக்கணக்கா இழுக்குது. கரையோரத்துல விட்டா திரும்ப ஒதுங்கிடும், அமெரிக்காவுல முழு உடம்பை விடணும்னா கரையில இருந்து குறைஞ்சது 3 கடல் மைல், 600 அடி ஆழம்னு விதி இருக்கறதுக்கு அதுதான் காரணம். போய் நிக்க ஒரு இடம் வேணும்னு நெனைக்கற குடும்பத்துக்கு இது ஆகாது.

உடல் தானம் பண்ணா இந்த நாள் கணக்கு வேற மாதிரி. மருத்துவக் கல்லூரிக்குப் போனா கெட்டியான மருந்து ஏத்தி ஒரு வருஷம், ரெண்டு வருஷம், சில இடத்துல அதுக்கு மேலயும் மாணவர்கள் படிப்பாங்க, அதுக்கப்புறம்தான் எரிப்பாங்களோ புதைப்பாங்களோ. நிறைய பேருக்குத் தெரியாதது, போஸ்ட்மார்ட்டம் பண்ண உடம்பையும் சில தொற்று நோய் இருந்த உடம்பையும் பெரும்பாலும் வாங்க மாட்டாங்க, அதனால எழுதிக்கொடுத்திருந்தாலும் ரெண்டாவது வழி ஒண்ணு கட்டாயம் யோசிச்சு வெச்சிருக்கணும். கண்ணு கொடுக்கறதுன்னா சில மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அது கொடுத்தப்புறமும் புதைக்கவோ எரிக்கவோ எந்த தடையும் இல்ல, அதனால இதை மட்டும் யாரும் விட்டுடாதீங்க.

இப்ப எதை எடுக்கறது? சீக்கிரம் முடியணும், இடமும் கம்மி, சாம்பல் கையில வேணும்னா எரிக்கறது, இல்லன்னா வசதி இருந்தா தண்ணியில கரைக்கறது. போய் உட்கார்ந்து பேச ஒரு இடம் வேணும், ஆனா உள்ள இருக்கறது மண்ணாகணும்னா ஆழமில்லாத புதைப்பு, துணி மட்டும், மருந்து வேணாம், பிளாஸ்டிக் கிட்டவே வரக்கூடாது. பின்னாடி கேள்வி எழும்னு தோணினா புதைப்பு மட்டும்தான். உரமாக்க சட்டம் அனுமதிக்கற இடத்துல இருக்கறவங்க அதை ஒரு தடவை போய் விசாரிச்சுட்டு வாங்க. கெட்டிப் பெட்டி, இறுக்கமான மூடி, எம்பாமிங் மூணையும் சேர்த்து எடுக்கறதுதான் எனக்கு மனசுக்கு ஆகவே ஆகல, போனவங்களுக்கு பாதுகாப்புன்னு நெனைச்சு செய்யறது, உள்ள காத்தில்லாம அழுகி திரவமா தேங்கி நிக்கறதுலதான் பெரும்பாலும் முடியுது. அன்பாலதான் செய்யறாங்க, அதனாலதான் முன்னாடியே தெரிஞ்சுக்கட்டும்னு சொல்றேன்.

என்னோடதை நான் எழுதி வெச்சுட்டேன். கண்ணை எடுத்துக்கட்டும், மருந்து ஏத்த வேணாம், யாராவது வரணும்னா ரெண்டு நாள் குளிர்ல வெக்கலாம், தண்ணி நிக்காத இடத்துல மூணரை அடி, பழைய பருத்தித் துணி, அப்படி இடம் கிடைக்கலைன்னா அலைய வேணாம், எரிச்சுடுங்க. அந்த பேப்பர் பீரோவுக்குள்ள பத்திரங்களோட இல்ல, ஃப்ரிட்ஜ் மேல ஒரு கவர்ல இருக்கு, அன்னைக்கு பீரோ சாவியைத் தேடற தெம்பு யாருக்கும் இருக்காது.